கிராபிக்ஸ் அட்டை: பழையதும் புதியதும்



கணிப்பொறி விற்கும் கடை ஒன்றில் இரண்டு கிராபிக்ஸ் அட்டைகள் விலைக்கு இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, என்விடியா நிறுவனத்தார் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 1080 டிஐ என்பது. வெளிவந்த காலத்தில் அதன் விலை 699 டாலர். இப்போது ஒருவர் பயன்படுத்திய பின்னர் மறுவிற்பனைக்கு வந்திருக்கிறது. மற்றொன்று, அதே நிறுவனத்தார் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 4060. அதன் அறிமுக விலை 299 டாலர். பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரி மாணவன் ஒருவன் இரண்டின் விவரங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிறான். பழையதில் கணக்கிடும் உறுப்புகள் 3584, புதியதில் 3072. பழையதில் நினைவகம் 11 கிகாபைட், புதியதில் 8. பழையதில் நினைவகப் பாதையின் அகலம் 352 பிட், புதியதில் 128. எந்த எண்ணை எடுத்தாலும் பழையதே பெரிது. ஆயினும் கடைக்காரரோ, "தம்பி, புதியதுதான் விரைவாக வேலை செய்யும்" என்கிறார்.

அவர் சொல்வது மெய்யா, அன்றி விற்பனைப் பேச்சா? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால், அந்த எண்கள் எவற்றைச் சொல்கின்றன, எவற்றைச் சொல்லாமல் விடுகின்றன என்பதை முதலில் அறிய வேண்டும். அதையே இன்று ஆராய்வோம்.

கிராபிக்ஸ் அட்டையின் வேலை யாது? கணிப்பொறித் திரையில் நாம் காணும் படம் முழுவதும் புள்ளிகளால் ஆனது. இக்காலத்தில் பெருவழக்காக உள்ள திரையில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் உண்டு. இரண்டையும் பெருக்கினால் 20,73,600 புள்ளிகள் ஆகின்றன. படம் அசைவதாகத் தோன்றுவதற்குத் திரைப்படத்தில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. கணிப்பொறி விளையாட்டுகளில் விநாடிக்கு 60 படங்கள் இருந்தால் நன்று என்பர். ஆகவே ஒரு விநாடியில் ஏறத்தாழ 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட்டாக வேண்டும்.

1999ஆம் ஆண்டில் வெளிவந்த ஜீபோர்ஸ் 256 என்னும் அட்டை விநாடிக்கு 48 கோடி புள்ளிகளைத் திரைக்கு அனுப்பும் ஆற்றல் உடையதாய் இருந்தது. அப்படியானால் அதுவே இன்றைக்கும் போதுமே என்று தோன்றலாம். போதாது. அக்காலத்தில் ஒரு புள்ளிக்கு வேண்டிய கணக்கு மிகச் சிறிது. இன்றோ, அந்தப் புள்ளியில் ஒளி எத்திசையிலிருந்து படுகிறது, நிழல் விழுகிறதா, பரப்பு ஈரமானதா உலர்ந்ததா, இடையே பனிமூட்டம் உண்டா என்பனவெல்லாம் கணக்கிடப்படுகின்றன. நாம் எடுத்துக்கொண்ட 2017ஆம் ஆண்டு அட்டை விநாடிக்கு 11 இலட்சம் கோடிக்கு மேற்பட்ட கணக்குகளைச் செய்ய வல்லது. அவற்றை 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகளுக்குப் பங்கிட்டால், ஒவ்வொரு புள்ளிக்கும் சற்றேறக்குறைய 90 ஆயிரம் கணக்குகள் கிடைக்கும். இவ்வளவும் செலவாகும் அளவுக்கு இன்றைய படங்கள் வளர்ந்திருக்கின்றன.

இந்த வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை விளங்கிக்கொள்ள, ஒரு கலியாண வீட்டுச் சமையற்கூடத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் தனித்துச் செய்தால் முடியாத வேலையை, பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து செய்கிறார்கள். சமையற்காரர்களே அட்டையிலுள்ள கணக்கிடும் உறுப்புகள். அவர்களுடைய கைவேகமே மெகாஹெர்ட்ஸ் என்று குறிக்கப்படும் துடிப்பு வேகம். அரிசியும் பருப்பும் அடுக்கி வைத்துள்ள சாமான் அறையே நினைவகம். அந்த அறைக்கும் அடுப்படிக்கும் இடையேயுள்ள வழியே நினைவகப் பாதை. சமையற்காரரின் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கும் அஞ்சறைப் பெட்டியை, அடிக்கடி வேண்டிய சரக்கைச் சில்லுக்குள்ளேயே வைத்திருக்கும் சிறுநினைவகத்துக்கு ஒப்பிடலாம். விறகுச் செலவே மின்செலவு. ஒரு பந்தியில் எத்தனை இலைகளுக்குப் பரிமாறினார்கள் என்பதே நாம் காணும் பயன், அதாவது விநாடிக்கு எத்தனை படங்கள் என்பது.

இப்போது ஒரு கேள்வி. ஒரு வீட்டில் எத்தனை சமையற்காரர்கள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் கேட்டுவிட்டு, அங்கே எத்தனை பேர் உண்பார்கள் என்று சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் அட்டைகளை ஒப்பிடும்போது நம்மிற் பலர் இதையேதான் செய்கிறோம்.

இதற்கு மிகத் தெளிவான சான்று ஒன்று உண்டு. 2021ஆம் ஆண்டில் ஆர்டிஎக்ஸ் 3060 என்னும் அட்டை வெளிவந்தது. அதன் அறிமுக விலை 329 டாலர். அதிலுள்ள கணக்கிடும் உறுப்புகளின் எண்ணிக்கையும் 3584 தான். 2017ஆம் ஆண்டின் 1080 டிஐ அட்டையில் இருந்த அதே எண்! முன்னதன் துடிப்பு வேகம் 1582 மெகாஹெர்ட்ஸ். பின்னதன் வேகம் 1777 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வோர் உறுப்பும் ஒரு துடிப்பில் இரண்டு கணக்குகளைச் செய்யும். ஆகவே எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, துடிப்பாலும் பெருக்கினால், பழையது விநாடிக்கு 11.3 இலட்சம் கோடிக் கணக்குகளும், புதியது 12.7 இலட்சம் கோடிக் கணக்குகளும் செய்ய வேண்டும். காகிதத்தின்மேல் புதியது நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு மேலானது. ஆனால் வழக்கமான முறையில் படம் வரையும் விளையாட்டுகளில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தால், அவை ஏறத்தாழச் சமமாகவே நிற்கின்றன. பல இடங்களில் பழையதே சற்று முந்துகிறது.

காரணம் என்ன? சமையற்காரர்கள் சம எண்ணிக்கையில் இருந்தாலும், மற்ற வசதிகள் சமமாக இல்லை. நினைவகத்திலிருந்து சரக்கு வரும் வேகத்தைக் கணக்கிடுவது எளிது. பாதையின் அகலத்தை, ஒரு கம்பியில் விநாடிக்குச் செல்லும் பிட் அளவால் பெருக்கி, எட்டால் வகுக்க வேண்டும். பழைய அட்டையில் அகலம் 352, வேகம் 11 கிகாபிட். விடை விநாடிக்கு 484 கிகாபைட். புதியதில் அகலம் 192, வேகம் 15 கிகாபிட். விடை 360 கிகாபைட். இறுதியாகப் புள்ளிகளைத் திரைக்கு எழுதும் உறுப்புகளும் பழையதில் 88, புதியதில் 48 மட்டுமே. கைகள் மிகுந்திருந்தும், சாமான் வரும் வழியும் பரிமாறும் ஆட்களும் குறைந்தால் பந்தி விரையாதல்லவா?

உறுப்புகளின் எண்ணிக்கையில் இன்னொரு நுட்பமும் உண்டு. எண்ணும் முறையே காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. படம் வரைவதற்குத் தசமப் புள்ளி எண் கணக்குகளே பெரிதும் வேண்டும்; ஆயினும் முழு எண் கணக்குகளும் இடையிடையே வேண்டும். விளையாட்டுகளில் நூறு தசமக் கட்டளைகளுக்கு ஏறத்தாழ 36 முழு எண் கட்டளைகள் வருகின்றன என்று 2018ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனத்தாரே எழுதியிருக்கின்றனர். தசமக் கணக்கைச் சமைப்பதற்கும், முழு எண் கணக்கைக் காய் நறுக்குவதற்கும் ஒப்பிடலாம். 2018ஆம் ஆண்டு அமைப்பில், சமைப்போருக்கு இணையாக நறுக்குவோர் தனியே இருந்தனர். கணக்கில் எழுதப்பட்டவர் சமைப்போர் மட்டுமே. 2020ஆம் ஆண்டு அமைப்பிலோ, நறுக்குவோருக்கும் சமையல் கற்றுக்கொடுத்து, அனைவரையும் சமையற்காரர் என்றே எழுதினார்கள். பட்டியலில் எண் இரட்டித்தது. ஆனால் காய் நறுக்கும் வேலை எங்கும் போய்விடவில்லை. அது வரும்போதெல்லாம் அவர்களுள் ஒரு பகுதியினர் அடுப்பை விட்டு எழுந்து போகத்தானே வேண்டும்?

இதன் விளைவைப் பாருங்கள். 2018இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ அட்டையில் 4352 உறுப்புகள். 2020இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 3070 அட்டையில் 5888 உறுப்புகள்; பழைய முறையில் எண்ணியிருந்தால் அவை 2944 தான். காகிதக் கணக்கின்படி பின்னது முன்னதைவிட நூற்றுக்கு ஐம்பது பங்கு மேலானது. நடைமுறையில் இரண்டும் ஏறக்குறையச் சமம். இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் "உறுப்பு" என்ற சொல்லின் பொருள் மாறிவிட்டது. பொருள் மாறிய சொல்லைக் கொண்டு இரண்டு காலங்களை ஒப்பிடுவது, பழைய படியால் ஒன்றையும் புதிய லிட்டரால் மற்றொன்றையும் அளந்துவிட்டு எண்களை மட்டும் ஒப்பிடுவது போன்றது.

இனி, நாம் தொடங்கிய இடத்துக்கு வருவோம். 4060 அட்டையில் உறுப்புகள் 3072 மட்டுமே. நினைவகத்தின் வேகமும் விநாடிக்கு 272 கிகாபைட் தான். இருந்தும் 1920க்கு 1080 புள்ளித் திரையில் அது 3060 அட்டையை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முந்துகிறது. 1080 டிஐ அட்டையையும் பெரும்பாலும் முந்துகிறது. கடைக்காரர் சொன்னது மெய்தான். இது எவ்வாறு கூடிற்று?

முதற் காரணம் துடிப்பு வேகம். அது 2460 மெகாஹெர்ட்ஸாக உயர்ந்திருக்கிறது. ஆட்கள் குறைந்தாலும் கைகள் விரைந்தன. இரண்டாவது காரணம் அஞ்சறைப் பெட்டி. 3060இல் இரண்டாம் நிலைச் சிறுநினைவகம் 3 மெகாபைட். 4060இல் அது 24 மெகாபைட். வேண்டிய சரக்குப் பெரும்பாலும் கைக்கெட்டும் இடத்திலேயே கிடைப்பதால், சாமான் அறைக்கு ஓடவேண்டிய தேவை குறைந்துவிட்டது. வழி குறுகியிருந்தும் நெருக்கடி தோன்றாததற்கு இதுவே காரணம்.

இவ்விரண்டையும் கூடச் செய்தது சில்லு செய்யும் கலையின் வளர்ச்சியாகும். 1080 டிஐ அட்டையின் சில்லு 471 சதுர மில்லிமீட்டர் பரப்புடையது. அதில் 1200 கோடி டிரான்சிஸ்டர்கள் அடங்கியிருந்தன. 4060 அட்டையின் சில்லு 159 சதுர மில்லிமீட்டரே. அதில் 1890 கோடி டிரான்சிஸ்டர்கள் அடங்கியுள்ளன. இரண்டையும் செய்தது தைவான் நாட்டின் டிஎஸ்எம்சி நிறுவனமே. ஆறே ஆண்டுகளில், ஒரு சதுர மில்லிமீட்டரில் அடங்கும் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை நான்கரை மடங்குக்கு மேல் உயர்ந்திருக்கிறது.

மின்செலவிலும் இதன் பயனைக் காணலாம். பழையது முழு உழைப்பில் 250 வாட் மின்சாரம் கொள்ளும். புதியது 115 வாட். நாள்தோறும் நான்கு மணி நேரம் முழு உழைப்பில் ஓடினால், பழையதற்கு நாளொன்றுக்கு ஒரு யூனிட், ஆண்டுக்கு 365 யூனிட் ஆகும். புதியதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 168 யூனிட் போதும். மறுவிற்பனையில் மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ந்து வாங்கிய பொருள், மாதந்தோறும் மின்கட்டணத்தில் தன் விலையின் மிச்சத்தை வாங்கிக்கொண்டே இருக்கும்.

அப்படியாயின் புதியதே எல்லா வகையிலும் சிறந்தது என்று முடிவு கட்டலாமா? பொறுங்கள். அஞ்சறைப் பெட்டி எவ்வளவு பெரிதானாலும் அது சாமான் அறை ஆகாது. ஒரு வேலைக்கு 10 கிகாபைட் நினைவகம் தேவை என்று வைத்துக்கொள்வோம். 3060இன் 12 கிகாபைட்டில் அது அடங்கும். 4060இன் 8 கிகாபைட்டில் அடங்காது. மிஞ்சியதைக் கணிப்பொறியின் பொது நினைவகத்திலிருந்து வரவழைக்க வேண்டும். அந்த வழியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 16 கிகாபைட் மட்டுமே. பழைய கணிப்பொறியில் பொருத்தினால் அதுவும் பாதியாகிவிடும். ஏனெனில், 4060 அட்டை எட்டு இணைப்புத் தடங்களையே பயன்படுத்துகிறது, பழைய கணிப்பொறியின் ஒவ்வொரு தடத்திலும் வேகம் பாதிதான். 272 எங்கே, 8 எங்கே! பந்தி நடக்கும்போது பருப்பு தீர்ந்து, பக்கத்து ஊருக்கு வண்டி கட்டிப் போவதற்கு ஒப்பானது அது. செயற்கை நுண்ணறிவு பயிலும் மாணவனுக்கும், பெரிய முப்பரிமாணக் காட்சிகளை அமைக்கும் மாணவனுக்கும், விரைவைவிட இடமே முதன்மையாவது இதனால்தான்.

பெயரை மட்டும் நம்புவதும் ஆபத்து. 2022ஆம் ஆண்டில் 3060 என்ற அதே பெயரில், 12 கிகாபைட்டுக்குப் பதிலாக 8 கிகாபைட்டும், 192 பிட்டுக்குப் பதிலாக 128 பிட் பாதையும் கொண்ட மற்றோர் அட்டையும் வெளிவந்தது. உறுப்புகளின் எண்ணிக்கை அதே 3584. நினைவக வேகமோ 360 கிகாபைட்டிலிருந்து 240 ஆகக் குறைந்திருந்தது. பெயரைக் கேட்டு வாங்கியவர் ஒன்றை நினைத்து மற்றொன்றைப் பெற்றிருக்கக் கூடும்.

அடுத்து, எண்ணால் அளக்கவே முடியாத வேறுபாடு ஒன்று உண்டு. அது புதிய திறமை. ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று தொடர்ந்து கணக்கிடும் முறைக்கென்றே தனி உறுப்புகள் 2018ஆம் ஆண்டு முதல் ஆர்டிஎக்ஸ் அட்டைகளில் அமைக்கப்பட்டன. 1080 டிஐ அட்டைக்கு அவை இல்லை. 2019இல் மென்பொருளின் வாயிலாக அந்த வேலையைச் செய்ய அதற்கும் வழி செய்தார்கள். செய்தது, ஆனால் மிக மெதுவாகச் செய்தது. ஆகவே பழைய வேலையில் 3060உடன் தோளோடு தோள் நின்ற அட்டை, இந்தப் புதிய வேலையில் மிகவும் பின்தங்கிவிட்டது. எந்த வேலையைக் கொடுத்துப் பார்த்தோம் என்பதைச் சொல்லாமல் "எது விரைவானது" என்று கேட்பது பொருளற்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பயனை அளக்கும் அளவுகோலும் இப்போது மாறத் தொடங்கியிருக்கிறது. முழுமையாகக் கணக்கிட்டு வரைந்த படங்களுக்கு இடையே, செயற்கை நுண்ணறிவு ஊகித்து வரைந்த படங்களைச் செருகும் முறை 2022 முதல் வழக்கில் வந்தது. 2025ஆம் ஆண்டு சனவரியில், 549 டாலர் விலையுள்ள ஆர்டிஎக்ஸ் 5070 அட்டை, 2022இன் தலைசிறந்த அட்டையான 4090இன் ஆற்றலைத் தரும் என்று அந்நிறுவனத் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில் அறிவித்தார். செயற்கை நுண்ணறிவாலேயே அது இயலும் என்றும் சொன்னார். முன்னதில் 6144 உறுப்புகள். பின்னதில் 16,384 உறுப்புகள். இந்த ஒப்பீட்டில் புதியதன் நான்கு படங்களில் மூன்று வரை ஊகித்து வரையப்பட்டவை என்பதை அறிந்தால் புதிர் விடுபடும். ஊகப் படங்கள் கண்ணுக்கு அசைவை மென்மையாக்குகின்றன, அது பயனற்றதன்று. ஆனால் நாம் விசையை அழுத்தியதும் கணிப்பொறி மறுமொழி சொல்லும் விரைவை அவை கூட்டுவதில்லை. ஆகவே விநாடிக்கு இத்தனை படங்கள் என்று யாரேனும் சொன்னால், "அவற்றுள் கணக்கிட்டவை எத்தனை, ஊகித்தவை எத்தனை?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சராசரியையும் அப்படியே நம்பிவிடலாகாது. ஆற்றின் சராசரி ஆழம் இடுப்பளவு என்று கேட்டு இறங்கியவன் மடுவில் மூழ்கக்கூடும். விநாடிக்கு 60 படங்கள் என்ற சராசரிக்குள், ஓரிரு படங்கள் மிகத் தாமதமாக வந்து காட்சி திக்கித் திணறுவதும் மறைந்திருக்கலாம். நல்ல ஆய்வாளர்கள் சராசரியோடு, மிக மெதுவான நூற்றில் ஒரு பங்கு படங்களின் வேகத்தையும் தனியே குறிப்பிடுகிறார்கள். நினைவகம் போதாமற்போன அட்டையை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும்.

இறுதியாக ஆயுளைப் பற்றி ஒரு சொல். அட்டை பழுதின்றி இருப்பது மட்டும் போதாது; அதை இயக்கும் மென்பொருளும் காலத்துக்கேற்பப் புதுப்பிக்கப்பட வேண்டும். 1080 டிஐ தலைமுறைக்கு, புதிய விளையாட்டுகளுக்கேற்ற மென்பொருள் மேம்பாடுகள் 2025 அக்டோபரோடு நிறுத்தப்பட்டன; பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை தரப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். எட்டு ஆண்டுகளுக்கு மேல் நன்கு உழைத்த அந்த அட்டை, கையில் ஏற்கெனவே இருந்தால் இன்னும் பயன்படுத்தத் தக்கதே. இப்போது புதிதாகப் பணம் கொடுத்து வாங்குவது என்பது வேறு செய்தி.

ஆகவே, மாணவ நண்பர்களே, கடைக்குப் போகும் நாளில் நான்கு கேள்விகளை உடன்கொண்டு செல்லுங்கள். எனக்கு வேண்டிய வேலை எது? அந்த வேலைக்கு வேண்டிய நினைவகம் இதில் அடங்குமா? அதே வேலையை இரண்டு அட்டைகளுக்கும் கொடுத்து அளந்தவர்கள் என்ன கண்டார்கள்? என் கணிப்பொறியும் என் வீட்டு மின்கட்டணமும் இதைத் தாங்குமா? ஒரே தலைமுறை அட்டைகளை ஒப்பிடும்போது பட்டியல் எண்கள் நல்ல வழிகாட்டிகளே. தலைமுறை மாறும்போது, அளந்து கண்ட பயனே சான்று.

கடையில் நின்ற மாணவனுக்கு விடை கிடைத்துவிட்டது. விளையாட்டும் சிறு வரைபட வேலைகளும் மட்டுமே அவனுடைய நோக்கமானால், சிறிய எண்களை உடைய புதிய அட்டையே அவனுக்கு ஏற்றது. பெரிய வேலைகள் அவன் நோக்கமானால், 12 கிகாபைட் உடைய 3060 போன்றதொன்றைத் தேடுவதே அறிவுடைமை. எப்படியாயினும், எண்ணின் பருமனைக் கண்டு மயங்காமல், அது எதை அளக்கிறது என்று கேட்கக் கற்றுக்கொண்டானே, அந்தப் பழக்கம் அட்டை பழையதான பின்னும் அவனுக்குப் பயன்படும்.